ஒட்டுக்கேட்கும் உத்தரவை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

#1 வைகைவாசி

எல்லோருக்கும் வணக்கம். 2025 ஜூலை 2ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை, கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை ஒரு தனியார் நிறுவன நிர்வாக இயக்குநரின் செல்போனை ஒட்டுக்கேட்க உத்தரவு போட்டது. வருமான வரி அதிகாரிக்கு லஞ்சம் போகிறது என்று சந்தேகம். பேச்சைப் பதிவு செய்தார்கள், சி.பி.ஐ. வழக்கும் வந்தது. அந்த உத்தரவைத்தான் இப்போது ரத்து செய்திருக்கிறார்கள். 1885ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு நிலைமைகளில்தான் ஒட்டுக்கேட்க விடுகிறது. குற்றம் நடக்கிறதா என்று ரகசியமாகத் துப்பறிய அதை எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது தீர்ப்பு.

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு பகுதி. பதிவு செய்ததை விதிப்படி ஒரு மறுஆய்வுக் குழுவின் முன்னால் வைத்திருக்க வேண்டும். வைக்கவே இல்லையாம்.

வழக்கு என்று ஒன்று வந்ததால் இது வெளியே தெரிந்தது. வழக்கே வராத ஒருவருடைய போனைக் கேட்டிருந்தால் அவருக்கு யார் சொல்வார்கள்? அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்போது கூடுகிறார்கள், இதுவரை எத்தனை உத்தரவுகளை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 செந்தட்டி

சார், நம் போனில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே கூகுளுக்கும் மெட்டாவுக்கும் தெரியும். காலையில் செருப்பு வாங்கணும் என்று பேசினால் மத்தியானம் செருப்பு விளம்பரம் வருகிறது. அப்புறம் அரசாங்கம் கேட்டால் மட்டும் என்ன? சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே எனக்கு வித்தியாசம் புரியவில்லை.

#3 கறுப்பு அங்கி

வித்தியாசம் இருக்கிறது தம்பி. செருப்புக் கம்பெனி உங்களைக் கைது செய்ய முடியாது.

வைகைவாசி கேட்டதற்கு வருகிறேன். சட்டம் 1885இல் வந்தது. எப்படிக் கேட்பது, யார் அனுமதிப்பது என்று நூறு வருடத்துக்கு மேலாக ஒரு விதிமுறையும் இல்லை. 1991 மார்ச்சில் 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற டெல்லி வார இதழ், அரசியல்வாதிகளின் போன் ஒட்டுக்கேட்பு பற்றி சி.பி.ஐ. நடத்திய விசாரணையின் சுருக்கத்தைப் போட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பி.யு.சி.எல்., உச்ச நீதிமன்றம் போனது. அந்தச் சுருக்கத்தில் இருந்ததைப் பாருங்கள்: 4 எண்களுக்கு அனுமதிக் கடிதமே காட்ட முடியவில்லை. 111 எண்களை 180 நாள் வரம்பையும் தாண்டிக் கேட்டிருக்கிறார்கள், நீட்டிப்பு அனுமதி வாங்கவில்லை. பதிவேடுகளையும் ஒழுங்காக வைக்கவில்லை.

1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது. உள்துறைச் செயலர்தான் உத்தரவிட வேண்டும், இரண்டு மாதத்துக்குள் ஒரு குழு அதைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கிருந்து வந்தது. பிறகு அது 419ஏ என்ற விதியானது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 டிசம்பரில் புதிய விதிகளும் வந்துவிட்டன. ஆனால் எலும்புக்கூடு அதேதான்.

குழுவில் யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலர் தலைவர், கூடவே சட்டத் துறைச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைவர், அவருடன் இன்னும் இரண்டு செயலர்கள். உத்தரவு போடுவதும் செயலர், அதைச் சரிபார்ப்பதும் செயலர்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை. 1996இல் பி.யு.சி.எல். நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்றுதான் கேட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று நீதிமன்றம் அதை மட்டும் ஏற்கவில்லை.

#4 பழைய எக்ஸ்சேஞ்ச்

நான் 34 வருடம் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்த எக்ஸ்சேஞ்ச் என்பது வேண்டாம்.

அப்போது எம்.டி.எஃப். என்று ஓர் அறை இருக்கும். ஊரிலிருந்து வரும் கேபிளெல்லாம் ஒரு பக்கம், எக்ஸ்சேஞ்ச் ஒரு பக்கம், நடுவில் வரிசை வரிசையாக ஜம்பர் வயர். ஒரு நம்பரை ஒட்டுக்கேட்க வேண்டும் என்றால் அந்த ஜோடியிலிருந்து இன்னொரு ஜம்பரை இழுத்து வேறு ஒரு லைனில் சேர்த்துவிட வேண்டும். சால்டரிங் அயர்ன் சூடேற ஐந்து நிமிடம், வேலை இரண்டு நிமிடம். அவ்வளவுதான் ஒட்டுக்கேட்பு.

ஒரு நாள் சாயங்காலம் மேலதிகாரி வந்து துண்டுக் காகிதத்தில் ஒரு நம்பரை நீட்டினார். நம்பர் மட்டும்தான். உத்தரவு எங்கே சார் என்றேன். கடிதம் பின்னால் வரும், நீ போடு என்றார். போட்டேன். அந்த நம்பர் எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு தொழிற்சங்கக்காரருடையது. டைரக்டரியைப் பார்க்காமலே எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டுக்கு இணைப்பு கொடுத்ததும் நான்தான். கடிதம் நான் இருந்தவரை வரவில்லை. நாலு மாதம் கழித்து அந்த ஜம்பரைப் பிடுங்கச் சொன்னார்கள். அந்த மனிதர் தினமும் காலையில் டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

அன்றைக்கு நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, ஆனால் சொல்ல ஓர் ஆள் அங்கே நின்றான். இப்போது சி.எம்.எஸ். என்ற மத்தியக் கண்காணிப்பு அமைப்பு வந்த பிறகு, செல்போன் கம்பெனி ஊழியர் கைபடாமலே அரசு நேரடியாகக் கேட்கலாம். அரசின் சி-டாட் ஆய்வு நிறுவனம் செய்து கொடுத்தது. கம்பெனிக்காரன் தகவலை விற்றுவிடுவான், அதனால் இதுதான் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கடிதம் எங்கே என்று கேட்க அங்கே இப்போது ஒருவரும் இல்லை.

#5 கோவை98

பெரியவர் சொன்னது மனதைத் தொட்டது. ஆனாலும் நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

1998 பிப்ரவரி 14 அன்று நான் ஆர்.எஸ். புரத்தில் இருந்தேன். அன்று எங்கள் ஊரில் 58 பேர் செத்தார்கள். என் சித்தப்பாவுக்கு ஒரு காது போனது. முன்கூட்டியே நாலு போனைக் கேட்டிருந்தால் அதைத் தடுத்திருக்கலாமே என்று 27 வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2008 மும்பைத் தாக்குதலில், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆட்களுக்கும் பாகிஸ்தானில் இருந்தவர்களுக்கும் நடந்த பேச்சை இடைமறித்துக் கேட்டார்கள். கசாப் வழக்கில் அது முக்கியமான சாட்சி. அந்த நேரத்தில் நீதிபதி வீட்டுக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியுமா?

எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிட்டு உளவு பார்க்க முடியாது. இது என் நேர்மையான கருத்து.

#6 வைகைவாசி

கோவை சார், உங்கள் வேதனையை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். அவசரத்துக்கு விதியிலேயே வழி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அவசரம் என்றால் ஒட்டுக்கேட்க அதிகாரம் பெற்ற அமைப்பின் மூத்த அதிகாரியே தொடங்கலாம், ஏழு வேலை நாளுக்குள் உள்துறைச் செயலர் உறுதி செய்தால் போதும். நான் கேட்பது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி.

கணக்கன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெல்லியில் இருக்கும் எஸ்.எஃப்.எல்.சி. என்ற அமைப்பு ஆர்டிஐயில், அதாவது தகவல் உரிமைச் சட்டத்தில், வாங்கிய பதிலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போட்டிருக்கிறது. தரவுப் பாதுகாப்பு பற்றி அரசு போட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கையும் இதையே எடுத்துச் சொல்கிறது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு, ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் உத்தரவுக்கு ஒரே ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 நிமிடம் என்றால் 300 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 37 நாளுக்கு மேல். அமைச்சரவைச் செயலர் வேறு எந்த வேலையும் செய்யாமல் ஒரு மாதத்துக்கு மேல் இதையே பார்க்க வேண்டும். நான் ஒரு மளிகைக் கடை லெட்ஜரைச் சரிபார்க்கவே இரண்டு நாள் ஆகிறது. இது சரிபார்ப்பே இல்லை.

உங்கள் ஊர் குண்டுவெடிப்பைத் தடுத்திருக்க வேண்டிய நாலு நம்பர், இந்த 18,000க்குள் எங்காவது கிடந்தால் யார் கண்ணில் படும்?

#7 பனிக்காலம்

அமெரிக்காவில் 16 வருடமாக இருக்கிறேன். இங்கே நடந்ததைச் சொன்னால் வைகைவாசியின் முதல் கேள்விக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கும்.

2013 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. எங்கள் பேச்சை அரசு கேட்கிறது என்று வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்புடன் சேர்ந்து போட்டது. ஐந்துக்கு நாலு என்று தள்ளிவிட்டார்கள். காரணம், உங்களைக் கேட்டார்கள் என்று உங்களால் காட்ட முடியவில்லை, அதனால் வழக்குப் போடும் தகுதி உங்களுக்கு இல்லை. ரகசியமாகச் செய்வதை, ரகசியம் என்பதாலேயே கேள்வி கேட்க முடியாது. அடுத்த மாதம், மார்ச் 12, செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்று உளவுத் துறைத் தலைவர் கிளாப்பரை நேருக்கு நேர் கேட்டார். இல்லை ஐயா என்றார் அவர்.

ஜூன் 5 அன்று 'கார்டியன்' பத்திரிகை ஒரு நீதிமன்ற உத்தரவை அப்படியே வெளியிட்டது. வெரைசான் கம்பெனி தன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடைய அழைப்பு விவரங்களையும் தினம் தினம் என்.எஸ்.ஏ. என்ற அமெரிக்க உளவு அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்று ரகசிய நீதிமன்றம் போட்ட உத்தரவு. என்.எஸ்.ஏ.வின் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடென் கொடுத்த காகிதம். அந்தக் காகிதம் கையில் வந்த பிறகுதான் ஏ.சி.எல்.யு. என்ற சிவில் உரிமை அமைப்பின் வழக்கை நீதிமன்றம் வாசலுக்குள்ளேயே விட்டது. 2015 மே மாதம் அந்தத் திட்டத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது.

அதே ஆவணங்களில் இந்தியாவும் இருந்தது. 2013 மார்ச் ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல்கள், உலகத்தில் ஐந்தாவது இடம். இது உண்மையில் வேவு பார்ப்பது ஆகாது என்று சொன்னது நம் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித். அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அம்மாவுடன் நான் பேசிய பேச்சும் அந்த 630 கோடியில் இருந்திருக்கலாம்.

#8 கோவை98

ஸ்னோடென் ரஷ்யாவில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு ராணுவ ரகசியத்தை இப்படி வெளியே விட்டு, அதனால் ஒரு சிப்பாய் செத்தால் யார் பொறுப்பு? கசியவிடுகிறவர் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று தானே முடிவு செய்துகொள்கிறார். அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது யார்?

#9 கறுப்பு அங்கி

இது நியாயமான கேள்வி. பதில் சொல்ல நம் நாட்டு அனுபவத்தைப் பார்க்கலாம்.

அலுவல் ரகசியச் சட்டம் 1923இல் வெள்ளைக்காரன் போட்டது. ரகசியம் என்றால் என்ன என்ற விளக்கமே அதில் கிடையாது. 2002 ஜூனில் டெல்லியில் இஃப்திகார் கிலானி என்ற பத்திரிகையாளரைப் பிடித்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் காஷ்மீரில் இருக்கும் இந்தியப் படைகளைப் பற்றி ஒரு காகிதம் இருந்ததாம். அது பாகிஸ்தானில் ஓர் ஆய்வு நிறுவனம் பகிரங்கமாக அச்சிட்ட வெளியீடு. யாரும் படிக்கலாம். ஏழு மாதம் திகாரில் கிடந்தார். கடைசியில் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை என்று ராணுவ உளவுப் பிரிவே ஒப்புக்கொண்டது, 2003 ஜனவரியில் வெளியே வந்தார். யார் முடிவு செய்தது என்று கேட்டீர்கள் அல்லவா, அரசு முடிவு செய்தாலும் இப்படித்தான்.

ரஃபேல் போர் விமான ஒப்பந்த ஆவண விவகாரம் நம் பக்கத்திலேயே நடந்தது. 2019 பிப்ரவரியில் 'தி இந்து'வில் என். ராம் பாதுகாப்பு அமைச்சகக் குறிப்பை வெளியிட்டார். அவை திருடப்பட்டவை, நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்றது அரசுத் தரப்பு. ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் அந்த ஆட்சேபத்தைத் தள்ளினார்கள். ஆவணம் எப்படி வந்தது என்பதை வைத்து அதைப் படிக்காமல் இருக்க முடியாது என்று சொன்னார்கள். நவம்பரில் அந்த ஒப்பந்தம் பற்றிய சீராய்வு மனு தோற்றது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் தோற்றது, படித்துப் பார்த்த பிறகு.

1962 போர்த் தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் கொடுத்தது. 2014இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் தன் இணையதளத்தில் அதில் ஒரு பகுதியைப் போட்டார். உலகமே படித்துவிட்டது. நமக்கு இன்னும் ரகசியம். கோவை சார், 60 வருடத்துக்கு முந்தைய தோல்வியில் எந்தச் சிப்பாயைக் காப்பாற்றுகிறோம்? அங்கே செத்தவர்களுடைய பேரன்கள் பதில் கேட்கிறார்கள்.

2006இலேயே வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இந்தச் சட்டத்தை நீக்கச் சொன்னது. அது சும்மா கிடக்கிறது.

#10 செந்தட்டி

பெகாசஸ் என்ன ஆச்சு சார்? அது வந்தபோது நான் காலேஜில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் பூட்டு இருக்கிறது, யாராலும் படிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

#11 பனிக்காலம்

பூட்டு வழியில்தான் தம்பி. நீங்கள் படிக்கும்போது திரையில் எழுத்து திறந்தே இருக்கும். பெகாசஸ் மாதிரியான உளவுச் செயலி போனுக்குள்ளேயே உட்கார்ந்து உங்கள் கண்ணோடு சேர்ந்து படிக்கும். மைக், கேமரா எல்லாம் அதன் கையில். லிங்க்கைத் தொடக்கூட வேண்டியதில்லை. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாக உலகம் முழுக்கச் சுமார் 1,400 பேருடைய போன்களைக் குறிவைத்ததாக வாட்ஸ்அப் கம்பெனியே வழக்குப் போட்டது.

2021 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் குழு போட்டது. 29 போன்களைப் பார்த்ததில் 5 போன்களில் ஏதோ தீங்கு நிரல் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே சொன்னார். வாங்கினீர்களா இல்லையா என்ற ஒரு வரிப் பதில் இன்றுவரை வரவில்லை. அறிக்கை உறையில் இருக்கிறது.

#12 கறுப்பு அங்கி

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. போன் பேச்சுக்கு 'பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு' என்ற வாசற்படி இருக்கிறது. அதை வைத்துத்தான் சென்னைத் தீர்ப்பே வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில், அதாவது மின்னஞ்சலும் கம்ப்யூட்டரும் வருகிற இடத்தில், அந்த வாசற்படியே கிடையாது. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்கும் என்று தனியாக ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். 2018 டிசம்பர் 20 அன்று 10 அமைப்புகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்ததும் அந்தப் பிரிவின் கீழ்தான். இன்றைக்கு நாம் போனில் பேசுவது எவ்வளவு, தட்டச்சு செய்வது எவ்வளவு?

சென்னைத் தீர்ப்பும் கடைசி வார்த்தை என்று இருந்துவிட வேண்டாம். அதற்குச் சில நாள் முன்னால் டெல்லி உயர் நீதிமன்றம் ஊழல் வழக்கில் ஒட்டுக்கேட்டது செல்லும் என்று சொல்லியிருக்கிறது.

#13 பத்து ரூபாய் வில்லை

நான் ஆர்டிஐ மனு எழுதிப் பழகியவள். இதுவரை நூற்றுக்கு மேல் எழுதியிருப்பேன். கசிவு, கசிவு என்று பேசுகிறோம், கேட்டு வாங்கும் கதவும் சாத்திக்கொண்டே வருவதையும் சொல்ல வேண்டும். 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. அதே தமிழ்நாட்டில் 2008இல் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககத்தை மத்திய ஆர்டிஐ சட்டத்திலிருந்து விலக்கி அரசாணை போட்டார்கள். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை வெட்டிவிட்டது. முன்னால் பொது வேலைக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம். இப்போது தனிப்பட்ட தகவல் என்று சொன்னாலே போதும். நம் பேச்சைக் கேட்பார்கள், அதிகாரியின் பெயரைக் கேட்டால் அது அவருடைய தனியுரிமை என்பார்கள்.

அதனால் பெயர் கேட்காதீர்கள், நம்பர் கேட்காதீர்கள், வழக்கு கேட்காதீர்கள். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். கோவை அண்ணா, நீங்களும் சொல்லுங்கள், இதில் நாட்டுக்கு ஆபத்து உண்டா என்று. வைகைவாசிக்காக இப்படி எழுதியிருக்கிறேன்:

"கடந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டுவாரியாக: (1) மறுஆய்வுக் குழு கூடிய தடவைகள். (2) குழுவின் முன் வைக்கப்பட்ட உத்தரவுகளின் எண்ணிக்கை. (3) குழு ரத்து செய்த உத்தரவுகளின் எண்ணிக்கை. பெயர், தொலைபேசி எண், வழக்கு விவரம் எதுவும் கோரப்படவில்லை."

மாநில அலுவலகம் என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

#14 கோவை98

நேர்மையாகச் சொன்னால் ஆபத்து இல்லை அம்மா. மூன்றாவது கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்று வந்தால் எனக்கே பயமாக இருக்கும். அனுப்புங்கள்.

#15 பனிக்காலம்

அமெரிக்காவில் சாதாரணக் குற்ற வழக்கு ஒட்டுக்கேட்புக்கு இந்த எண்ணிக்கை வருடா வருடம் அச்சிட்ட அறிக்கையாகவே வருகிறது. அது மட்டும் இல்லை, கேட்டு முடித்த 90 நாளுக்குள் அந்த ஆளுக்கே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டம். நீதிபதி தள்ளிப்போடலாம், ஆனால் விதி அதுதான். பெரியவர் டீக்கடையில் பார்த்த அந்த மனிதருக்கு ஒரு கடிதம் வந்திருக்கும்.

#16 வைகைவாசி

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நவம்பர் கடைசியில் எல்லாப் புதுப் போனிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே போட வேண்டும் என்று உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு மூன்று நாளில் திரும்பப் பெற்றார்களே, அந்தச் செய்தியைப் பார்த்ததும் இந்த இழை ஞாபகம் வந்தது.

மனுவை அக்கா எழுதிக் கொடுத்தபடி வரி மாறாமல் அனுப்பினேன். எந்த அலுவலகத்துக்கு என்று எழுதவில்லை, விஷயம் நிலுவையில் இருக்கிறது. 29ஆம் நாள் பழுப்பு உறையில் பதில் வந்தது. ஒரே பத்தி. மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில்: கோரப்பட்ட தகவல் நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும், பிரிவு 8(1)(ஏ)இன் கீழ் மறுக்கப்படுகிறது. கூட்டம் எத்தனை தடவை நடந்தது என்பதுகூட. கையெழுத்துக்குக் கீழே பெயர் இல்லை, சீல் மட்டும்.

முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள் போட வேண்டும் அல்லவா? மத்திய அரசின் எண்ணிக்கை ஏற்கெனவே ஆர்டிஐயிலேயே வெளிவந்து, அரசு போட்ட குழுவின் அறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது என்பதைக் காரணமாக எழுதலாமா?

#17 பத்து ரூபாய் வில்லை

கட்டாயம் எழுதுங்கள், அதுதான் முதல் காரணம். 8(2) பிரிவையும் சேருங்கள். அலுவல் ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும், பொது நலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. மறுத்த அதிகாரியின் பெயர் பதிலில் இல்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. ஸ்பீட் போஸ்டில் போட்டு ரசீதை மனுவின் பின்னால் குத்தி வையுங்கள்.

#18 பழைய எக்ஸ்சேஞ்ச்

தம்பி, இரண்டாவதாக ஒரு மனு என் பெயரிலும் போகட்டும். நான் சேர்த்த அந்த ஜம்பருக்குக் கடிதம் வந்ததா என்று கேட்க முடியாது, பதிவேடுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதே மூன்று கேள்வி போதும். என் கையெழுத்து இப்போது கொஞ்சம் நடுங்கும், பேரனை எழுதச் சொல்கிறேன். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள்.